தொட்டுக் கேட்கும் ஆப்பரா

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். நியூயார்க் நகரின் பிராட்வே அரங்கு ஒன்றில் ‘தி கிங் அண்ட் ஐ’ என்ற இசை நாடகத்தின் பகற்காட்சி நடந்துகொண்டிருந்தது. இளம்பெண் ஒருத்தியைச் சவுக்கால் அடிக்க ஓங்கும் கட்டம் அது. அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு குழந்தையின் அலறல் எழுந்தது. மதியிறுக்கம் உடைய குழந்தை. சிலர் திரும்பி முறைத்தனர். இப்படிப்பட்ட பிள்ளையை ஏன் இங்கே அழைத்து வரவேண்டும் என்ற முணுமுணுப்பும் கேட்டது. குழந்தையோ முன்னிருந்த கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நகர மறுத்தது. தாய் போராடித்தான் அதை வெளியே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

அன்று மேடையில் இருந்த நடிகர்களுள் ஒருவர் கெல்வின் மூன் லோ. காட்சி முடிந்ததும் அவர் சமூக ஊடகத்தில் தம் மனக்குமுறலை எழுதினார். ஆனால், அவர் கோபப்பட்டது குழந்தையின் மீதன்று, முறைத்தவர்கள் மீது. அந்தத் தாய் தன்னால் இயன்றதையெல்லாம் செய்துகொண்டிருந்ததை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை என்று கேட்டார். நாடகக் கலைஞர்கள் குடும்பங்களுக்காகத்தான் நடிக்கிறார்கள். அக்குழந்தையின் குடும்பமும் அவற்றுள் ஒன்று என்பது அவரது வாதம். அப்பதிவு உலகெங்கும் பகிரப்பட்டது.

கொடுமையைக் கண்டு அலறுவதைவிட ஒரு நாடகத்திற்குக் கிடைக்கக்கூடிய நேர்மையான எதிர்வினை வேறென்ன? மற்ற பார்வையாளர்களும் உள்ளுக்குள் பதறித்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் அதை அடக்கிக்கொண்டார்கள். குழந்தையால் அடக்க முடியவில்லை. அடக்கிக்கொள்ள வேண்டும் என்பது யார் வகுத்த விதி?

இந்த விதி கலையைப்போல் பழமையானதன்று. ஆப்பராவின் வரலாறே இதற்குச் சான்று. ஆப்பரா என்பது கதையைப் பெரும்பாலும் பாடியே நிகழ்த்தும் ஐரோப்பிய இசை நாடகம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றி, முதலில் அரண்மனைகளில் மட்டுமே நிகழ்ந்தது. 1637இல் வெனிஸ் நகரில் சான் காசியானோ அரங்கு திறக்கப்பட்டபோது, கட்டணம் செலுத்தும் எவரும் ஆப்பரா பார்க்கலாம் என்ற நிலை வந்தது. வந்தவர்கள் அமைதியாக அமர்ந்திருந்தார்கள் என்று எண்ணிவிட வேண்டா. மெழுகுவத்திகள் அரங்கம் முழுதும் எரிந்துகொண்டிருக்கும். தனி மாடங்களில் அமர்ந்த செல்வர்கள் உணவருந்துவார்கள். அண்டை மாடத்தாரோடு வம்பு பேசுவார்கள். பிடித்த பாடகர் மேடைக்கு வந்ததும் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார்கள். இத்தாலிய ஆப்பராவில் ‘பனிக்கூழ்ப் பாட்டு’ என்றே ஒரு வகை இருந்தது. சிறு கதாபாத்திரம் ஏதேனும் பாடிக்கொண்டிருக்கும். மக்கள் அந்தச் சாக்கில் எழுந்து பழப் பனிக்கூழ் வாங்கி உண்பார்கள். அந்தப் பாடகரின் நிலை பரிதாபம்தான். ஆயினும், இரைச்சலும் நடமாட்டமும் ஆப்பராவைக் கொன்றுவிடவில்லை.

மாற்றம் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர், பைராய்ட் என்ற ஊரில் தமக்கென ஓர் அரங்கைக் கட்டி 1876இல் திறந்தார். இருக்கைகள் அனைத்தும் மேடையை நோக்கியே அமைந்தன. இசைக்குழு மேடைக்கு அடியில் மறைக்கப்பட்டது. பார்வையாளர் பகுதியின் விளக்குகள் அணைக்கப்பட்டன. கதைக்குள் மூழ்கிவிட வேண்டும், வேறெதுவும் கண்ணில் படக்கூடாது என்பது அவர் எண்ணம். அதில் ஆழ்ந்த கலைநோக்கு உண்டு, மறுப்பதற்கில்லை. இருட்டில் அசையாமல், வாய் திறவாமல், மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் இந்த முறை மெல்ல மெல்ல உலகெங்கும் நாகரிகத்தின் அடையாளமாகிவிட்டது. அப்படி அமர முடியாதவர்கள் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

யார் அவர்கள்? மதியிறுக்கம் உடையவர்கள் பலருக்கு ஒலியும் ஒளியும் மற்றவர்களை எட்டுவதுபோல் எட்டுவதில்லை. கைதட்டல் ஒருவருக்கு வலியாக இருக்கலாம். அதே ஒலி இன்னொருவருக்குப் போதாமல், அவர் தாமே குரல் எழுப்பியோ உடலை முன்னும் பின்னும் ஆட்டியோ கூடுதல் உணர்வைத் தேடலாம். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறை நூலின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான், புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ தூண்டப்படுவது மதியிறுக்கத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. கைகளை உதறுவதும் முணுமுணுப்பதும் பலருக்குத் தம்மை நிலைப்படுத்திக்கொள்ளும் வழி. அதைச் செய்யாதே என்று தடுப்பது, நீந்துகிறவரிடம் கையை அசைக்காதே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

இன்னொரு சாராரும் உண்டு. பேச்சு வராது; நடக்க இயலாது; பார்வையோ செவிப்புலனோ குறைந்திருக்கும்; அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் பல ஒருங்கே அமைந்த பிள்ளைகள் இவர்கள். இவர்களுக்குக் கதை சொல்லி என்ன பயன், இவர்களுக்கு என்ன புரியும் என்று உலகம் நெடுங்காலம் கேட்டுக்கொண்டிருந்தது. கேள்வியின் வடிவிலேயே விடையையும் வைத்திருந்தது.

வாசலைத் திறக்கும் முதல் முயற்சி எளிமையானது. 2011 அக்டோபரில் பிராட்வேயின் ‘தி லயன் கிங்’ நாடகம், மதியிறுக்கம் உடையோரையும் அவர்தம் குடும்பங்களையும் மனத்தில் கொண்டு ஒரு தனிக் காட்சியை நடத்தியது. திடுக்கிட வைக்கும் ஒலிகள் குறைக்கப்பட்டன. கண்ணைக் கூச வைக்கும் மின்னல் விளக்குகள் நீக்கப்பட்டன. களைத்தவர்கள் ஒதுங்கி அமர அமைதியான இடம் ஒதுக்கப்பட்டது. எழுந்து நடக்கலாம், பேசலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம். இத்தகைய காட்சிகளை இன்று ‘இறுக்கமற்ற காட்சிகள்’ எனலாம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல அரங்குகள் இவற்றை நடத்துகின்றன.

இவற்றில் பெரும்பங்கு வகிப்பது காட்சி நாளுக்கு முன்பே வீட்டிற்கு வந்து சேரும் படக்கதை. அரங்கின் வாசல் இப்படி இருக்கும், சீட்டை இவரிடம் காட்ட வேண்டும், விளக்கு மங்கும், இந்த இடத்தில் பெரிய சத்தம் கேட்கும் என்று படங்களோடு விளக்கும் கையேடு அது. அமெரிக்க ஆசிரியர் கேரல் கிரே 1990களின் தொடக்கத்தில் மதியிறுக்கம் உடைய மாணவர்களுக்காக உருவாக்கிய ‘சமூகக் கதை’ முறையிலிருந்து கிளைத்த உத்தி இது. கதையின் திருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவை கெட்டுவிடாதா எனச் சிலர் ஐயுறுவர். எது வருமென்று தெரியாத அச்சத்தில் இருப்பவருக்குச் சுவைக்க நேரமேது?

இந்த ஏற்பாடுகள் தேவையானவை. எனினும், இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. நாடகம் முன்பே வேறு யாருக்காகவோ படைக்கப்பட்டுவிட்டது. ஒலியைச் சற்றுக் குறைத்து, விளக்கைச் சற்றுக் கூட்டி, இவர்களையும் உள்ளே அழைத்துக்கொள்கிறோம். விருந்து சமைத்து முடித்த பிறகு காரத்தைக் குறைக்கத் தண்ணீர் ஊற்றுவதுபோன்ற காரியம் அது. இவர்களுக்காகவே உலை வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள்.

லண்டனில் டிம் வெப், கிளேர் டி லூன், மேக்ஸ் ரைன்ஹார்ட் ஆகிய மூவர் 1981இல் ‘ஆய்லி கார்ட்’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினர். முதலில் அவர்கள் நாடகம் போட்டது 5 வயதுக்கும் குறைந்த குழந்தைகளுக்கு. 1988இல் ஒரு சிறப்புப் பள்ளி அவர்களை அழைத்தது. போன இடத்தில்தான் தம் கலை அப்பிள்ளைகளுக்குப் போதாது என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஒரே பள்ளியில் மழலையரும் இருந்தனர். பதின்ம வயது முடியப்போகும் இளைஞரும் இருந்தனர். ஒருவர் கண்ணால் உலகை அறிந்தார், இன்னொருவர் விரலால், வேறொருவர் முகர்ந்து. எல்லாரையும் வரிசையாக அமர வைத்து, எதிரே நின்று பேசி நடிக்கும் முறை அங்கே செல்லவில்லை.

அன்று முதல் அவர்கள் தலைகீழாகச் சிந்திக்கத் தொடங்கினர். கதை எது என்று முதலில் கேட்கவில்லை. வரப்போகிறவர் யார், அவரை எந்தப் புலன் வழியே எட்டலாம் என்று கேட்டனர். பாடநூல்கள் புலன்கள் ஐந்து என்று சொல்லித் தருகின்றன. ஆனால், உடலுக்கு இன்னும் சில உண்டு. ஊஞ்சலில் ஆடும்போது உடல் முன்னும் பின்னும் போவது தெரிகிறதே, அது உட்செவியில் உள்ள சமநிலைப் புலனின் வேலை. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று தெரிகிறதே, அது தசைகளும் மூட்டுகளும் தரும் உணர்வு. பார்வையும் செவியும் கைவிட்டவரிடம் இவ்விரண்டும் விழித்திருக்கலாம்.

ஆகவே, ஆய்லி கார்ட் குழு மேடையை விட்டது. சிறப்புப் பள்ளிகளில் உடற்பயிற்சிக்காக வைத்திருக்கும் வெந்நீர்க் குளங்களுக்குள் நாடகத்தைக் கொண்டுபோனது. சக்கர நாற்காலியிலேயே நாளைக் கழிக்கும் பிள்ளை, தண்ணீரில் எடையின்றி மிதக்கும், சுற்றிலும் பாடுவார்கள், நீர் தெளிப்பார்கள், விளக்கொளி நீரில் அசையும். 2009இல் ‘ஆக்கம்ஸ் ரேசர்’ என்ற அந்தர சாகசக் குழுவுடன் சேர்ந்து ஒரு நாடகம் படைத்தது. அதில் மேலே பறந்தவர்கள் கலைஞர்கள் மட்டுமல்லர். சிறப்பாக வடிவமைத்த இருக்கைகளில் பார்வையாளர்களும் தரையை விட்டு உயர்ந்தனர், ஆடினர், துள்ளினர். பிறர் தூக்கினாலன்றி இடம் பெயர முடியாத ஓர் இளைஞர், இசைக்கு ஏற்ப அந்தரத்தில் ஆடுவதை எண்ணிப் பாருங்கள். பின்னாளில் செவியும் பார்வையும் ஒருங்கே குறைந்த இளையர்களுக்கெனவும் அக்குழு நாடகம் அமைத்தது.

இவ்வளவிற்கும் அடிப்படையாக இருந்தது இசை. வசனம் புரியாத இடத்திலும் பாட்டு போய்ச் சேர்ந்தது. ஆப்பரா இந்த வழிக்குள் வந்தது வியப்பன்று.

ஆப்பராப் பாடகர்கள் ஒலிவாங்கியின்றிப் பாடப் பயின்றவர்கள். பெரிய இசைக்குழுவையும் மீறி அவர்கள் குரல் கடைசி வரிசை வரை கேட்கும். காரணம், பயிற்சி பெற்ற குரலின் ஆற்றல், விநாடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகள் கொண்ட பகுதியில் குவிகிறது. இசைக்குழுவின் ஒலி அப்பகுதியில் வலுக்குறைந்து இருக்கும். மனிதச் செவியோ அங்கே மிகக் கூர்மையாக இருக்கும். அப்படிப்பட்ட குரலை 2000 பேர் அமரும் மண்டபத்தில் கேட்பது ஒன்று. கைக்கெட்டும் தூரத்தில் கேட்பது முற்றிலும் வேறொன்று. அங்கே ஒலியோடு பாடுபவரின் மூச்சு, விலா எலும்பின் விரிவு, தொண்டையின் நடுக்கம் எல்லாமே தெரியும். அனுமதி தந்தால் தொட்டும் பார்க்கலாம்.

தொடுவதால் என்ன கிடைக்கும்? ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாளவாத்தியக் கலைஞர் எவலின் கிளெனி 12 வயதிற்குள் செவிப்புலனைப் பெரிதும் இழந்தவர். உலகப் புகழ்பெற்ற அவர் வெறுங்காலுடன் மேடையேறுவார். தரை வழியாக ஏறும் அதிர்வையும் உடலால் கேட்கிறார். நம் தோலுக்கு அடியில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன. விநாடிக்கு 250 அதிர்வுகள் அளவில் அவை மிகக் கூர்மையாகச் செயல்படும். 1000ஐ நெருங்கும்போது மங்கிவிடும். ஆதலால், செல்லோ என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் அடி ஒலிகளை அதன் மரப்பெட்டியில் கை வைத்தவர் உள்ளங்கையில் பெறலாம். பெண்குரலின் உச்ச ஒலிகளை அப்படிப் பெற முடியாது. இத்தகைய ஆப்பராவை அமைப்பவர்கள் இசைக்கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது காதை மட்டும் நினைத்தால் போதாது. தோலையும் நினைக்க வேண்டும்.

குரலின் வலிமையே ஆபத்தாகவும் மாறக்கூடும். ஒலியால் துன்புறும் ஒருவரின் அருகே திடீரென உச்சக்குரல் எழுந்தால், அந்தக் கணமே எல்லாம் முடிந்துவிடும். எனவே, நெருங்குவதற்கு முன் தொலைவு தேவை. முணுமுணுப்பாகத் தொடங்க வேண்டும். பாடகர் ஓரடி வைத்துக் காத்திருக்க வேண்டும். மண்டபத்தை நிரப்பப் பல ஆண்டுகள் பயின்ற ஒருவர், ஒரே ஒரு பிள்ளையின் செவிக்கு ஏற்பத் தம் குரலைச் சுருக்குவது எளிதான வேலையன்று.

ஆப்பரா எவ்வளவு அருகில் வரமுடியும் என்பதைக் காட்டிய ஒரு படைப்பு ‘பாம்பினோ’. ஸ்காட்டிஷ் ஆப்பரா நிறுவனம் 2017இல் மேடையேற்றிய இதற்கு இசையமைத்தவர் லியாம் பேட்டர்சன். இயக்கியவர் ஃபெலிம் மெக்டெர்மாட். பார்வையாளரின் வயது 6 மாதம் முதல் 18 மாதம் வரை! பாடகர் இருவர், இசைக்கலைஞர் இருவர். பறவை ஒன்று முட்டையைக் கண்டெடுக்கிறது. அதிலிருந்து குஞ்சு வெளிவந்து வளர்கிறது. அவ்வளவுதான் கதை. குழந்தைகள் தவழ்ந்து வந்து பாடகரின் காலைப் பிடிக்கலாம், இசைக்கருவியைத் தட்டலாம். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஆப்பரா இதை வரவேற்றது. ஒரு சொல்லும் அறியாதவர்கள் ஆப்பராவைக் கேட்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும், இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பேச்சு வராத 16 வயது இளைஞர் கைக்குழந்தை அல்லர். அவருக்கு 16 ஆண்டுகளின் அனுபவம் இருக்கிறது, விருப்பு வெறுப்புகள் இருக்கின்றன, சலிப்பும் இருக்கிறது. அவரிடம் கொஞ்சும் குரலில் கிலுகிலுப்பையை ஆட்டுவது அன்பாகத் தோன்றலாம். உண்மையில் அது அவமதிப்பே. பதின்ம வயதினருக்கான படைப்பில் பதின்ம வயதிற்குரிய இருளும் குறும்பும் காதலும் இடம்பெறவேண்டும். இந்தத் துறையில் தேர்ந்த கலைஞர்கள் மிகவும் கவனமாக இருப்பது இந்த இடத்தில்தான். புதியவர்கள் இடறுவதும் இதே இடத்தில்தான்.

இத்தகைய ஒரு நிகழ்ச்சிக்குள் என்ன நடக்கிறது? பார்வையாளர் பெரும்பாலும் பத்துப் பேருக்கும் குறைவு. ஒவ்வொருவருடனும் பெற்றோரோ ஆசிரியரோ பராமரிப்பாளரோ ஒருவர் இருப்பார். தொடக்கத்தில் ஒவ்வொருவரின் பெயரையும் வைத்துப் பாடுவது ஆய்லி கார்ட் குழுவின் வழக்கம். பெயர்ப்பட்டியலை வாசிப்பதுபோலன்று, அவரெதிரே அமர்ந்து, அவர் முகம் பார்த்து, அந்தப் பெயர் ஒன்றே பாட்டாகும்படி. மருத்துவமனையில் அழைக்கப்பட்டும், பதிவேட்டில் குறிக்கப்பட்டும் பழகிய பெயர் அது. ஒருவர் தமக்காகவே அதை இசையாக்கிப் பாடக் கேட்பது பலருக்கு முதல் முறையாக இருக்கும்.

பிறகு காத்திருப்பு. கேட்டவர் உடனே சிரித்துவிடமாட்டார். கண்ணிமை ஒருமுறை துடிக்கலாம். மூச்சின் வேகம் மாறலாம். இறுகியிருந்த விரல் விரியலாம். அந்தச் சிறு அசைவுக்குப் பாடகர் பாட்டாலேயே பதில் தருகிறார். அவர் குரல் எழுப்பினால் அதே சுருதியைப் பிடித்துக்கொள்கிறார். பிரிட்டனின் சிறப்புப் பள்ளிகளுக்கு ஆப்பராக்களைக் கொண்டுசெல்லும் ‘இங்கிலிஷ் டூரிங் ஆப்பரா’ போன்ற குழுக்களின் கலைஞர்களுக்கும் இந்தச் செவிசாய்ப்புதான் முதல் பாடம். பிராட்வே அரங்கில் இடையூறாகக் கருதப்பட்ட அதே ஒலி, இங்கே நாடகத்தின் அடுத்த வரியாகிவிடுகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வதும் ஒரு பதில்தான். வேண்டாம் என்ற அப்பதிலை ஏற்றுக்கொண்டு பின்வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். தொடுவதற்கு முன் அனுமதி கேட்பது பேச்சில்லாதவரிடத்தும் கட்டாயம்.

இதே எண்ணத்தை வேறு திசையில் கொண்டுசென்றவர் பிரிட்டன் நடிகை கெல்லி ஹன்டர். புதிய கதை தேடாமல் ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொண்டார். ஷேக்ஸ்பியரின் செய்யுள் நடை இதயத் துடிப்பைப்போல் மெலிந்தும் அழுந்தியும் செல்வது. நடிகர்களும் மதியிறுக்கம் உடைய பிள்ளைகளும் வட்டமாக அமர்ந்து, நெஞ்சில் தட்டி அந்தத் தாளத்தில் ஒருவரையொருவர் வரவேற்பதில் அவரது நிகழ்ச்சி தொடங்குகிறது. பிறகு, நாடகக் காட்சிகள் விளையாட்டுகளாகின்றன. கோபம், வியப்பு, காதல் ஆகியவற்றை முகத்தில் காட்டுவதும் பிறர் முகத்தில் கண்டறிவதுமே அவ்விளையாட்டுகள். 2014இல் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகம் இம்முறையில் அரங்கேறியது. எளிமையாக்கப்பட்ட இலக்கியம்தான் இவர்களுக்கு ஏற்றது என்ற எண்ணத்தை அது அசைத்துப் பார்த்தது.

ஒரு வினா மீண்டும் மீண்டும் எழுகிறது. ஆறேழு பேர் பார்ப்பதற்காக இத்தனைக் கலைஞர்கள், இத்தனைப் பொருள்கள், இத்தனை நாள் ஒத்திகையா? சீட்டு விற்பனையால் இச்செலவை ஈடுகட்டவே முடியாது. பொதுநிதியும் நன்கொடையும் இன்றி இத்தகைய குழுக்கள் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கமாட்டா. கணக்குப் பார்ப்பவர் தலையசைப்பது இயல்பே. ஆனால், பெரிய ஆப்பரா மண்டபங்களும் பல நாடுகளில் அரசு மானியத்தில்தான் இயங்குகின்றன. அந்த மானியம் எல்லாருடைய வரிப்பணம். தன் பிள்ளையை அழைத்துச் செல்ல முடியாத மண்டபத்திற்காக அந்தத் தாயும்தான் வரி செலுத்துகிறாள்.

இன்னொரு வினா இதைவிட நுட்பமானது. இது கலையா, சிகிச்சையா? இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் பிள்ளை நன்றாக உறங்கியது, அமைதியானது என்றெல்லாம் சொல்லி நிதி கேட்பது எளிது. ஆய்லி கார்ட் போன்ற குழுக்கள் தாங்கள் செய்வது கலை என்பதில் உறுதியாக நிற்கின்றன. அந்த உறுதியில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் ஆப்பராவுக்குப் போவது உறக்கம் வருவதற்காக அன்று (சிலர் அங்கே உறங்குவதுண்டு என்பது வேறு கதை). மகிழவும் கலங்கவும் போகிறார்கள். உடற்குறை உள்ளவர் மட்டும் ஏன் ஒவ்வோர் இன்பத்திலும் ஒரு மருத்துவப் பயனைக் காட்டியாக வேண்டும்?

இந்நிகழ்ச்சிகளால் இன்னொருவரும் பயன்பெறுகிறார். அவர் பராமரிப்பாளர். மருந்து நேரம், உணவு நேரம், பயிற்சி நேரம் என்று பிள்ளையின் நாளைப் பகுத்துப் பகுத்துப் பார்த்தே பழகியவர். செல்லோவின் மரத்தில் பிள்ளை தானே கன்னத்தை வைத்து அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஒதுங்கி அமர்ந்து பார்க்கிறார். இவளுக்கு அடியொலிதான் பிடிக்கிறது, இது எனக்கு இதுவரை தெரியாதே என்று அறிகிறார். சில வேளைகளில், வீடு திரும்பியதும் குளியலறை வாளியைத் தட்டிப் பாடத் தொடங்குகிறார்.

2020இல் கொவிட்-19 பரவியபோது அரங்குகள் மூடப்பட்டன. எல்லாரும் இணையம் வழியாக நாடகம் பார்த்தார்கள். தொட்டும் முகர்ந்தும் ஆடியும் உலகை அறிபவருக்குக் கணினித் திரையால் என்ன பயன்? அதோடு, தொற்றினால் மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள் பலர் இவர்களுள் இருந்ததால், மற்றவர்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பின்னரும் இவர்கள் வீடுகளுக்குள்ளேயே இருந்தார்கள். அப்போது ஆய்லி கார்ட் குழுவை வழிநடத்தியவர் எல்லி கிரிஃபித்ஸ். பார்வையாளர் அரங்கிற்கு வர முடியாவிட்டால் அரங்கு அவரிடம் போகட்டும் என்று அவரது குழு முடிவுசெய்தது. இசைக்கலைஞர்கள் வீட்டு வாசலில் நின்று பாடினார்கள். மறு ஆண்டில் விண்வெளிப் பயணத்தைக் கருவாகக் கொண்ட ஒரு நிகழ்ச்சி பெட்டிகளில் அடைக்கப்பட்டு வீடுகளுக்கு அனுப்பப்பட்டது. தொடுவதற்கும் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் உரிய பொருள்கள் அவற்றில் இருந்தன. ஒரே மூச்சில் பார்த்து முடிக்க வேண்டியதில்லை. ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாகத் திறந்துகொள்ளலாம். எந்த நாளில், எந்த நேரத்தில், படுக்கையிலா பாயிலா என்பதையெல்லாம் அந்தக் குடும்பமே முடிவுசெய்தது. உள்ளே வைக்கப்பட்டிருந்தவற்றுள் சில பிள்ளைக்கு; சில, பக்கத்தில் படுத்திருக்கும் தாய் தந்தையருக்கு.